மேலேயிருந்து எடுத்த படம்

அந்தச் செய்தி வந்தபோது எல்லோரும் 'ஏணி' என்று கூப்பிடும் ஏசி மெக்கானிக் ஒரு துணிக்கடையின் மேல்தளத்தில், தன் ஏணியின் உச்சிப்படியில் நின்றபடி, ஏசியின் மூடியைத் திறந்துவைத்திருந்தார். சட்டைப் பையில் போன் துடித்தது. ஒரு கையால் மூடியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் எடுத்துப் பார்த்தார். தெரியாத எண்.

"வணக்கம் ஐயா. நேற்று நீங்கள் போட்ட பியானோ படம் எப்படியோ என் கைக்கும் வந்தது. அதன் உச்சியில் ஒரு பெண்ணின் தலை செதுக்கியிருக்கிறதே, அதன் மூக்கு உடைந்து ஒட்டப்பட்டதா? தயவுசெய்து சொல்லுங்கள்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அந்த மூக்கை எட்டித் தொடும் தூரத்தில் பார்த்தவர் அவர். ஒட்டிய மூக்குதான். பசை வழிந்து காய்ந்த கோடுகூட நினைவிருந்தது. போனைப் பையில் போடும் அவசரத்தில் ஒரு திருகு கைநழுவி விழுந்து, கீழே துணி அடுக்குகளுக்குள் எங்கோ போய் மறைந்தது. திருகைத் தவறவிடுகிற ஆள் இல்லை அவர்.

'ஏணி' என்பது வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி வைத்த பட்டம். ஆள் அவ்வளவு உயரம். பிறகு அந்த முதலாளியின் தங்கையையே கல்யாணம் செய்துகொண்டார். முதலாளி மச்சான் ஆனார். பட்டம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. "மாப்ள பேரென்னன்னு யாராவது கேட்டா எனக்கே கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்ல வருது" என்பார் மச்சான். மனைவி ஒரு மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்பவள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் பழகிய கண்ணுக்குக் கணவனின் முகத்தைப் படிப்பது பெரிய காரியமா என்ன?

ஏசி மெக்கானிக்குக்கும் பியானோவுக்கும் என்ன உறவு என்று கேட்டால், உறவு ஏணிதான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் வேலை. ஏணி மேலிருந்து குனிந்து பார்த்தபோது கீழே ஒரு பெரிய பியானோ, மூடி திறந்தபடி நின்றிருந்தது. தரையில் நிற்கிறவர்களுக்கு அது ஒரு கறுப்புப் பெட்டி. மேலேயிருந்து பார்த்தவருக்கு அதன் உள்ளே தங்க நிறத்தில் ஒரு சட்டம், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், கம்பிகளுக்கடியில் வரிசையாகத் துணிச் சுத்தியல்கள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். மேலாளரிடம் கேட்டு ஒரு படம் எடுத்தார். அந்த மேலாளர் படத்தைப் பார்த்து அசந்துபோய், "நீங்க இருக்க வேண்டிய இடமே வேற" என்று அவரை ஒரு போன் குழுவில் சேர்த்துவிட்டார்.

பியானோப் படங்களை மட்டுமே பகிர்ந்துகொள்ளும் குழு அது. வாசிப்பவர்களும் இருந்தார்கள், ஒரு கட்டையைக்கூடத் தொடாதவர்களும் இருந்தார்கள். அழகான பியானோ, விசித்திரமான பியானோ, எங்கே கண்ணில் பட்டாலும் படம் எடுத்துப் போடுவார்கள். பார்த்தால் தையல் மேஜை போலிருக்கும், மேல்பலகையைத் தூக்கினால் பியானோ. கப்பல் அறையில் வைப்பதற்காகக் கட்டை வரிசையையே மடித்துக்கொள்ளும் பியானோ. இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாசிக்கும் இரட்டைப் பியானோ. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையும், வெள்ளைக்குக் கறுப்புமாக ஒன்று. குழுவை நடத்தியவர் ஒரு பல் டாக்டரம்மா. "நாள் முழுக்கச் சொத்தைப் பல்லையே பாக்குறவங்களுக்கு இந்த வரிசைப் பல்லைப் பாத்தா மனசு ஆறும்" என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். கிண்டலை அவர் பொறுத்துக்கொள்வார். பொறுத்துக்கொள்ளாத விஷயம் ஒன்றே ஒன்று: வீட்டுக்காரரைக் கேட்காமல் படம் எடுப்பது.

ஏணியின் படங்களுக்கு அங்கே தனி மவுசு. எல்லோரும் முன்னால் நின்று எடுப்பார்கள். இவர் மேலேயிருந்து எடுப்பார். அவர் படம் போட்டால் குழுவின் ஐந்நூறு பேரும் எட்டிப் பார்ப்பார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் டீ குடித்துக்கொண்டே அந்தப் பாராட்டுகளை ஒவ்வொன்றாகப் படிப்பது அவருக்கு ஒரு சுகம். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அவரை 'சபாஷ்' என்று சொன்னதில்லை.

அந்தப் படத்தை எடுத்த வீட்டுக்கு அவர் போனது அப்படியொரு காலையில்தான். பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளம். கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். "பின்னாடி ரூம்ல தண்ணி ஒழுகுது. சீக்கிரம் பாத்துட்டுப் போயிருங்க" என்று சொல்லி, இடுப்பிலிருந்த சாவியால் ஒரு கதவைத் திறந்தார்.

ஆள் புழங்காத அறை. கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. ஜன்னலுக்குக் கனமான திரை. நாள் முழுக்க ஓடிய ஏசியின் சில்லிப்பு முகத்தில் அடித்தது. சுவரை ஒட்டி ஒரு பியானோ நின்றிருந்தது. ஒட்டகச்சிவிங்கிப் பியானோ என்று குழுவில் சொல்வார்களே, அது. பெரிய பியானோவின் உடலை அப்படியே தூக்கிச் செங்குத்தாக நிறுத்தியது போல, ஒரு பக்கம் கூரையைத் தொடுவதுபோல் எழுந்து, மறு பக்கம் கழுத்தைப் போல வளைந்து சரிந்தது. செம்மரப் பலகை. முகப்பில் மடிப்பு மடிப்பாகப் பச்சைப் பட்டு. குழுவில் எவரும் நேரில் பார்த்ததில்லை; எங்கிருந்தோ வந்த ஒரே ஒரு மங்கல் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்து ஏங்குவார்கள்.

ஏணியில் ஏறியபோது, பியானோவின் உச்சியில் செதுக்கியிருந்த பெண்ணின் தலை அவர் முகத்துக்கு நேரே வந்தது. கண் மூடி, உதடு சற்றே பிரிந்து, பாட்டு கேட்பது போன்ற முகம். மூக்கில் ஒட்டுப்போட்ட கோடு.

அந்த அம்மா வாசலை விட்டு அசையவில்லை. வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று சொன்னார் ஏணி; இப்போதைக்குச் சரிசெய்துவிட்டு, புதுக் குழாயோடு இன்னொரு நாள் வருவதாகவும் சொன்னார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்பது அந்த இடுப்புச் சாவியைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால் கேட்கவில்லை. முன்னறையில் போன் மணி அடித்து, அந்த அம்மா காலை இழுத்தபடி போன சமயத்தில், ஒரே ஒரு படம் எடுத்தார்.

அன்று மாலை குழுவில் போட்டார். குழுவே அமளிதுமளிப்பட்டது. யார் யாரோ வெளியே அனுப்பினார்கள். டாக்டரம்மா மட்டும் கேட்டார்: "வீட்டுக்காரங்க சம்மதம் உண்டுதானே?"

"உண்டு" என்று பதில் போட்டார் ஏணி. அந்த ஒரு சொல்லைத் தட்டும்போதே விரல் கூசியது.

துணிக்கடையிலிருந்து இறங்கி வண்டியில் உட்கார்ந்தபோது அதே எண்ணிலிருந்து இன்னும் சில செய்திகள் வந்து கிடந்தன. "அது எங்கள் அப்பாவின் பியானோவாக இருக்கலாம். வீடு மாறும்போது அப்பா கைநழுவ விட்டதில் மூக்கு போயிற்று. அவரே ஒட்டினார். பிறகு கரையான் அரித்துவிட்டதாகவும், மரக்கடைக்காரர் அள்ளிக்கொண்டு போனதாகவும் சொன்னார்கள். யாரோ வாங்கிச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள் போல. அந்த நல்ல மனிதரை ஒரு தடவை பார்க்க வேண்டும். முகவரி தருவீர்களா?"

மிரட்டல் இல்லை, அதட்டல் இல்லை. அதுதான் ஏணியை இன்னும் கலங்கடித்தது. பதில் போடாமல் வண்டியை எடுத்தார்.

கடைக்குப் போனால் மச்சான் முகம் கடுகடுவென்று இருந்தது. "யாரோ ஒருத்தர் நம்ம நம்பருக்குக் கூப்பிட்டார். உன் போன்ல வண்டியோட நிக்கிற படம் வச்சிருக்கியாம், அதுல வண்டியில எழுதின நம்ம கடை நம்பர் தெரியுதாம். ஏதோ பியானோவாம். எங்களுக்கும் பியானோவுக்கும் என்ன சார் சம்பந்தம், நாங்க குளிர் காத்து விக்கிறவங்கன்னு சொல்லி வச்சேன். என்ன மாப்ள இது?"

ஏணி சொன்னார். மச்சான் கத்தவில்லை. மேஜை மேலிருந்த ஸ்பேனரை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"நாம வீட்டுக்குள்ள போய்த் தொழில் பண்றவங்க. படுக்கிற ரூம் வரைக்கும் நம்மளை விடுறாங்கன்னா, நம்ம கண்ணு ஏசியை மட்டும்தான் பாக்கும்னு நம்பித்தான் விடுறாங்க. அதை நீ வித்துட்ட. காசு வாங்காம வித்துட்ட. யார் கேட்டாலும் அந்தப் படம் நம்மளுது இல்லைன்னு சொல்லிரு."

வீட்டில் மனைவி, அவர் செருப்பைக் கழற்றும்போதே, "யாரு என்ன சொன்னாங்க?" என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அண்ணன் சொன்னதை ஒரே வார்த்தையில் தள்ளினாள். "அண்ணனுக்குக் கடை பயம். விடுங்க. யாரோட ரூமோ, அவங்க கிட்ட முதல்ல போய்ச் சொல்லுங்க. ஊரே சொல்லி அவங்க காதுல விழுறதுக்கு முன்னாடி."

மறுநாள் புதுக் குழாயைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனார். முன்னறையில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். திட்டு விழும், கடைக்குப் புகார் போகும், மச்சானுக்கு ஒரு வாடிக்கை போகும். அவ்வளவுக்குத்தான் மனதைத் தயார்படுத்தி வந்திருந்தார். அந்த அம்மா திட்டவில்லை. கையை நீட்டினார்.

"அந்த ஆள் அனுப்பினதைக் காட்டுங்க."

போனை வாங்கிப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். அப்புறம் பக்கத்தில் நாற்காலி இருந்தும், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது என் தம்பி" என்றார்.

ஏணி கையிலிருந்த குழாயைச் சுவரோரமாக வைத்தார்.

"கரையான் தின்னுருச்சுன்னு அவன்கிட்டச் சொன்னது நான்தான். வேற ஆள் யாருமில்லை." போனைத் திருப்பிக் கொடுத்தார். "வருஷக்கணக்காச் சொல்லிட்டு வந்த பொய். நடுவுல எத்தனையோ தடவை அவன்கிட்ட எடுத்துச் சொல்லிரலாம்னு நினைச்சேன். நாளாக ஆக அதுக்கு வாசலே இல்லாமப் போச்சு. நீங்க சொல்லாதீங்க. எதுவும் சொல்ல வேண்டாம். படத்தை அழிச்சிருங்க."

"அழிச்சிடுறேன்மா. ஆனா அவரு விட மாட்டார் போல இருக்கே."

"விட மாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்." எழுந்து பின்னறைக் கதவைப் பூட்டினார். அன்று குழாய் மாற்றக்கூட விடவில்லை.

படத்தை ஏணி அழித்தார். ஆனால் அவர் போனிலிருந்துதான் அழிக்க முடிந்தது. ஊர் போனிலிருந்து எப்படி அழிப்பது? அந்த மனிதர் அதன் பிறகு செய்தி எதுவும் அனுப்பவில்லை. போன் சும்மா கிடந்தாலே ஏணிக்குப் படபடப்பாக இருந்தது. தூக்கத்தில் புரண்டுகொண்டேயிருந்தார். ஒரு வீட்டில் ஏசியின் ஒயரை மாற்றி இணைத்துவிட்டு, மச்சானே போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. 'சொல்லாதே' என்று ஒருத்தர், 'சொல்லேன்' என்று இன்னொருத்தர். இரண்டு பேருமே கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்கள். நடுவில் அவர்.

பிறகொரு காலையில், கடையின் பின்கட்டில் குந்தி உட்கார்ந்து வடிகட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தோளில் பையோடு ஒருவர் வந்து நின்றார். ரயிலில் கசங்கிய சட்டை. நரைத்த மீசை. முன்பக்கத்தில் மச்சான் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்த குரல் கேட்டது.

"நீங்கதான் ஏணியா?"

கேள்வியே சிரிப்பு மூட்டுவதுதான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. படம் நம்முடையது இல்லை என்று சொல்லச் சொன்ன மச்சானின் குரல் ஏணியின் காதில் ஒலித்தது. அந்த மனிதர் பைக்குள்ளிருந்து போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். மூக்கு வரை பெரிதாக்கி வைத்திருந்தார்.

"எனக்கு எந்த வீடுன்னு தெரியும் சார்" என்றார் ஏணி. கையில் சோப்பு நுரை வழிந்தது. "ஆனா சொல்ல மாட்டேன். கேட்காம எடுத்தது என் தப்பு. அதுக்கு மேல இன்னொரு தப்புப் பண்ண முடியாது."

வந்தவர் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளி மேல் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "நான் தூக்கிட்டுப் போக வரலைங்க. விலை பேசவும் வரலை. ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான். அவரு நல்லா வச்சிருக்காரா? அதையாவது சொல்லுங்க."

அந்த முகத்தைப் பார்த்து அதையும் மறுக்க ஏணிக்கு மனம் வரவில்லை. "ரொம்ப நல்லா வச்சிருக்காங்க சார். நாள் முழுக்க ஏசி ஓடுது. சொட்டு ஈரம் அண்ட விடுறதில்லை. வேற யாரையும் கிட்ட விடாம அந்தம்மாவேதான் தூசி தட்டுறது."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

வந்தவரின் கை போனோடு அப்படியே நின்றுவிட்டது. "அம்மாவா?"

ஏணி வடிகட்டியைத் தேய்த்தார்.

"என்னைவிடக் கொஞ்சம் வயசு கூட இருக்குமா?"

தேய்த்துக்கொண்டேயிருந்தார்.

"இடது காலை இழுத்து நடப்பாங்களா?"

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட ஏணிக்குத் தோன்றவில்லை. பதில் சொல்லாமலிருப்பதே பதிலாகிக்கொண்டிருந்தது. அதற்காக ஒரு பொய்யைச் சட்டென்று பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. வந்தவர் எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். அக்கா வீட்டுக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஏணி ஈரக் கையோடு போனை எடுத்தார். "அம்மா, நான் சொல்லலை. ஆனா என் வாயிலேர்ந்துதான் வந்துச்சு. அவருக்குத் தெரிஞ்சிருச்சு. அங்கதான் வர்றார்."

அந்த அம்மா, "ரூம்ல ஏசி மறுபடி ஒழுகுது. வேலை பாதியில நிக்குது. வந்து முடிங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தம்பியைத் தனியாக எதிர்கொள்ள முடியாமல்தான் கூப்பிடுகிறார் என்பது ஏணிக்குப் புரிந்தது.

மச்சானே வண்டியை ஓட்டினார். வழி முழுக்க முணுமுணுத்தார், ஆனால் ஓட்டினார். "நான் வெளியவே இருக்கேன். ஏதாவது உடைஞ்சா சத்தம் குடு" என்று சொல்லி இறக்கிவிட்டார்.

தம்பி இன்னும் வந்திருக்கவில்லை. ஏணி அறைக்குள் ஏணியைப் போட்டார். ஏசி இருந்தது பியானோவின் வளைந்த தோளுக்கு நேர் மேலே. அடியிலிருந்த தண்ணீர்த் தட்டு விளிம்பு வரை நிரம்பி, இப்போதோ அப்போதோ என்று ததும்பிக்கொண்டிருந்தது. கொண்டுவந்த வாளியை ஏணிக்குப் பக்கத்தில் வைத்ததாகத்தான் நினைத்தார். கொக்கிகளை விடுவித்து, தட்டை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல வெளியே இழுத்தபோது அழைப்பு மணி அடித்தது.

காலடிகள். முன்னறையில் பேச்சே கேட்கவில்லை. பிறகு இருவரும் பின்னறை வாசலுக்கு வந்தார்கள்.

தம்பி பியானோவைப் பார்த்தார். கீழிருந்து மேல் வரை, மேலிருந்து கீழ் வரை. ஏணி என்ற ஒரு ஆள் மேலே நிற்பது அவர் கண்ணில் படவேயில்லை.

"கரையான் தின்னுருச்சுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"மரக்கடைக்காரன் அள்ளிட்டுப் போனான்னு சொன்ன. அன்னிக்கு நான் போன்ல அழுதேன்க்கா. உனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் உயரவில்லை. "அம்மாவோட தையல் மெஷின் எங்கடா?"

தம்பி தோள் பையை இறக்கித் தரையில் வைத்தார்.

"நான் ஆஸ்பத்திரியில கால்ல கம்பி வச்சுப் படுத்திருந்தேன். திரும்பி வந்து பாத்தா அப்பா வீடு காலி. மெஷின் இல்லை. அப்பா நாற்காலி இல்லை. நான் படிச்ச மேஜை இல்லை. 'உனக்கு எதுக்குக்கா சுமை, வித்துட்டேன்'னு சொன்ன. இது மட்டும் நீ கொண்டுவந்த வண்டியில ஏறலை. அதனால மிஞ்சுச்சு. இன்னொரு வண்டி தேடிட்டு வருவேன்னு சொல்லிட்டுப் போன பாரு, அன்னிக்கு முடிவு பண்ணேன்."

"வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கச் சொல்லி நெருக்கினாங்க. எனக்கு அப்ப வேற எதுவும் தோணலை."

"எனக்கும் வேற எதுவும் தோணலை. அதான் பொய் சொன்னேன்."

மேலே ஏணியின் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. தட்டு சின்னதுதான், தண்ணீர் கனம். சற்றே சாய்ந்தாலும் அழுக்குத் தண்ணீர் நேராகப் பச்சைப் பட்டின் மேல் கொட்டும். ஓரக்கண்ணால் வாளியைத் தேடினார். அது சுவரின் மறுகோடியில், தம்பியின் காலடியில் இருந்தது. இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது, இந்த நேரத்தில் வாயைத் திறக்கவும் முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டார். பக்கத்தில் அந்த மரப்பெண் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

தம்பி இரண்டு எட்டு வைத்து, கட்டைகளின் மூடி மேல் கை வைக்கப் போனார்.

"தொடாதே."

கை பாதியில் நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். எவ்வளவு நேரமோ. ஏணியின் முழங்கை வரை மரத்துவிட்டது. தட்டின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, அவர் கட்டைவிரலில் விழுந்தது. அடுத்தது விரலில் விழாது.

"மன்னிச்சுக்கங்க" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "நீங்க அப்புறமாப் பேசிக்கலாம். என் கை விட்டுரும். அந்த வாளி. சீக்கிரம்."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். தம்பி வாளியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எட்டாமல், பியானோ முன்னிருந்த முக்காலி மேல் காலைத் தூக்கினார். "அதுல ஏறாதடா" என்றார் அக்கா. தம்பி காலை மாற்றி ஏணியின் கீழ்ப்படியில் வைத்தார். ஏணி ஆடியது. தட்டு சாய்ந்தது. அந்தக் கணத்தில் அக்கா, காலை இழுத்துக்கொண்டு எப்படித்தான் அங்கே வந்தாரோ, இரண்டு கைகளையும் விரித்துப் பட்டின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார். பாதித் தண்ணீர் வாளியில் விழுந்தது. மீதி அவர் தலையில்.

பியானோ மேல் ஒரு துளி இல்லை. அந்த அம்மாவின் நெற்றியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அவர் நகரவில்லை. பட்டைத் தடவித் தடவிப் பார்த்து, ஈரமில்லை என்று தெரிந்த பிறகுதான் கைகளை இறக்கினார்.

தம்பி பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

"ஈரத் தலையோட ஏசியில நிக்காதே" என்றார் தம்பி.

"ஏசிதான் பிரிச்சுப்போட்டுக் கெடக்கே."

ஏணி மெல்ல இறங்கிச் சுவரோரமாக நின்றார். வெளியேறிவிடலாமென்றால் வாசலை அவர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தலையைத் துவட்டினார், கையைத் துடைத்தார், விரல் விரலாகத் துடைத்தார். பிறகு தானே குனிந்து மூடியைத் தூக்கினார். மஞ்சள் பாய்ந்த கட்டைகள். தம்பி ஒன்றை மட்டும் அழுத்தினார். மந்தமாக, கோணலாக ஒரு சத்தம் வந்தது.

"சுருதி சுத்தமாப் போயிருக்கு."

"தெரியும். ஆளைக் கூப்பிட்டா விஷயம் வெளிய போயிரும்னு கூப்பிடவேயில்லை."

தம்பிக்கு அப்போதுதான் கண் கலங்கியது. இவ்வளவு பாதுகாத்தும் அக்கா அதை ஒரு நாள்கூடச் சரியாகக் கேட்டதில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏணி ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தம்பி அன்று சாப்பிடாமல்தான் கிளம்பினார். தெருவில் மச்சானின் வண்டியைப் பார்த்து, "உங்க ஆளு வாயும் நல்ல வாய் இல்லை, கையும் நல்ல கை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சானால் அதை மறுக்க முடியவில்லை. பிறகு அக்காவும் தம்பியும் போனில் சண்டை போட ஆரம்பித்தார்கள். மனம்விட்டுப் பேசாமலே இருந்தவர்கள் சண்டையாவது போடுகிறார்களே என்று ஏணியின் மனைவி சொன்னாள்.

ஏணி டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, சம்மதம் வாங்காமல் எடுத்த படம் என்பதைச் சொல்லிவிட்டார். மறைப்பதில் இருந்த பாரம் அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

"அவ்வளவு நல்ல படம் குழுவுல வந்ததேயில்லை" என்றார் டாக்டரம்மா. "ஆனா உங்களை வச்சுக்கிட்டு நாளைக்கு இன்னொருத்தரைச் சம்மதம் வாங்கினீங்களான்னு நான் எப்படிக் கேப்பேன்?"

"நீங்க கேக்கணும்மா. குழுவுலேர்ந்து என்னை எடுத்துருங்க."

எடுத்துவிட்டார். அதன் பிறகு காலை டீ ருசிக்கவில்லை. கை தானாகப் போனைத் தேடும், தேடிவிட்டு வைத்துவிடும். ஓட்டல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பியானோ கண்ணில் பட்டால், உரியவரைக் கேட்டு, சரி என்றால் எடுத்து, மனைவிக்கு மட்டும் அனுப்புவார். மருந்துக் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவள் பார்ப்பாள். பெரும்பாலும், "நல்லாருக்கு. வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க" என்று பதில் வரும். ஒருமுறை மட்டும், "இதுக்கு ஏன் கால் மூணுதான் இருக்கு?" என்று கேட்டாள். அன்று முழுக்க ஏணிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

பருவம் மாறியபோது அந்த வீட்டிலிருந்து கடைக்குப் போன் வந்தது. ஏசியைக் கழுவ வேண்டுமாம். ஏணியையே அனுப்பச் சொன்னார்களாம். மச்சான் நெற்றியைச் சுருக்கினார். "போனை இங்க வச்சுட்டுப் போ" என்றார். ஏணி மறுபேச்சில்லாமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

பின்னறைக் கதவு திறந்தே கிடந்தது. திரையை விலக்கியிருந்தார்கள். உள்ளே இரண்டு நாற்காலிகள் புதிதாக வந்திருந்தன. பச்சைப் பட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, சுருதி சேர்க்கும் ஆள் ஒருவர் கம்பிகளுக்குள் கையை விட்டுக்கொண்டு ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். தம்பியும் வந்திருந்தார். அந்த ஆளுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக அக்காவும் தம்பியும் நின்று, எந்த ஸ்வரம் இன்னும் இறங்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி ஏணியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஏணி ஏறினார். வடிகட்டியைக் கழற்றினார், தட்டை எடுத்தார். அது காலியாக, காய்ந்து இருந்தது. கீழே பார்க்கவில்லை. வேலை முடிந்து இறங்கி, ஏசியை ஓடவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றார். "குளிர் வெளிய போகுது."

ஏணி வெளியே வந்து கதவைச் சாத்தினார்.